மூன்றாம் மாடிக்காரர்

காற்று கிளம்பிவிட்டால் அந்த ஊரில் எதையும் மூடி வைத்துப் பிரயோசனமில்லை. விதைப்புக்காக உழுது போட்ட பருத்திக் காடுகளிலிருந்து செம்மண் எழுந்து வந்து, ஹெல்த் சென்டர் என்ற மருத்துவக் கல்லூரியின் இரட்டைக் கண்ணாடிக் கதவுகளையும் தாண்டி, கான்டீன் தட்டுகளில் உட்கார்ந்துகொள்ளும். ஒபீலியா காலையிலிருந்து மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த துணியைப் பிழிந்தால் செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி இறங்கியது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. அன்றைக்கு என்று இல்லை, ஒரு வருஷமாகவே அவளுக்கு எரிச்சலாகத்தான் வந்துகொண்டிருந்தது.

டாக்டருக்குப் படிப்பவர்கள், நர்சுக்குப் படிப்பவர்கள், மருந்துக் கடைக்குப் படிப்பவர்கள் எல்லோருக்கும் அந்த வளாகத்தில் ஒரே கான்டீன்தான். காலையில் முட்டையும் உருளைக்கிழங்கும் சொரிசோ இறைச்சியும் வைத்துச் சுருட்டிய பரீட்டோ, மதியம் மிளகாய்க் குழம்பு, வியாழக்கிழமை பொரித்த இறைச்சியும் வெள்ளைக் குழம்பும். ஒபீலியா பதினெட்டு வருஷமாக அங்கே சமைக்கிறாள். யார் எந்த வகுப்பு என்பதை முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். முதல் வருஷ டாக்டர் பிள்ளைகளுக்கு மூக்கே போதும். உடல் அறுத்துப் படிக்கிற மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வரும்போது அந்த மருந்து வாடையையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது.

அன்றைக்கும் வரிசையில் முதலில் வந்து நின்றவள் லின் என்ற அந்த ஒல்லிப் பெண். ஹூஸ்டன் பக்கத்துக் கடற்கரைக்காரி. அவளுடைய அப்பா இறால் படகு வைத்திருந்தார். பெற்றவர்கள் வியட்நாமிலிருந்து வந்தவர்கள்.

"மிஸ் ஒபீலியா, ரெண்டு எலுமிச்சத் துண்டு கிடைக்குமா?"

"டீ வாங்கியிருக்கியா?"

"இல்லங்க."

"டீ வாங்குறவங்களுக்குத்தான் எலுமிச்ச. மேனேஜர் சொல்லிருக்காரு."

"பிழிஞ்சு போட்டது இருந்தாலும் போதும்."

ஒபீலியா டீப் பானைக்குப் பக்கத்தில் கிடந்த சக்கையை ஒரு காகிதத் தட்டில் தள்ளி நீட்டினாள். லின் அதை வாங்கிக்கொண்டு ஓரத்துத் தொட்டிக்குப் போய், முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்புறம் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு தனியாக மூலையில் உட்கார்ந்தாள். தினமும் இதே கூத்து.

கல்லாவில் இருந்த வாண்டா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரி, வாய் சும்மா இருக்காது.

"அந்தப் புள்ளைக்கு ஒரு முழு எலுமிச்ச குடுத்தா உன் சொத்தா கொறஞ்சு போகுது?"

"திங்கக் கேட்டா குடுப்பேன். கை கழுவக் கேக்குறா. அப்படி என்ன அருவருப்பு? தொட்டது மனுஷனத்தான, சாக்கடையவா?"

"அவ கை, அவ கழுவுறா."

"நான் சமைச்சதயும் ஒரு நாள் வாங்கித் தின்னதில்ல. கப்பல்ல வந்த எளவரசி."

"ஆமா, உன் எளவரசன் வர்றான் பாரு. எடு, எடு, கரண்டிய ரெண்டு கையாலயும் புடி."

செம்பட்டைத் தலை கோல்டன் தன் கூட்டாளிகள் மூன்று பேரோடு வந்தான். ஆறடிக்கு மேலே உயரம், குடியானவன் வீட்டுப் பிள்ளை. ஒபீலியாவின் முகம் மாறிவிட்டது. பரீட்டோவை இரண்டு பேருக்கான அளவில் சுருட்டினாள். பச்சை மிளகாய்த் துவையலைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தாள். மற்ற மூன்று பேருக்கும் அதே உபசாரம்தான்.

"இன்னிக்கு மேல என்ன பாடம்?" என்று கேட்டாள், சும்மா கேட்பது மாதிரி.

"நுரையீரலைத் திரும்பப் பாத்தோம் மிஸ் ஒபீலியா. பரீட்ச வருதுல்ல."

"எப்படி இருந்துச்சு?"

கோல்டன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான். "எங்க ஆளுக்கு ரொம்ப மோசம். கரிப்புடிச்சுப் போயிருக்கு. பக்கத்து மேசைல எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, எங்களுக்குன்னு வந்து வாச்சுது பாருங்க."

ஒபீலியா அவன் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். "வாச்சவர் நெஞ்சுக்குள்ள பஞ்சுத் தூசி போனது உன்ன மாதிரி ஆளுக்குத் துணி நெய்யத்தான். உக்காந்து மரியாதயாத் தின்னு" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் திரும்பத் தள்ளினாள். கோல்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிங்க மேடம்" என்றான்.

அவள் உள்ளே போய், குளிர்ப்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கோபத்தில் கண் கலங்கினால் அவள் போகிற இடம் அது.

மூன்றாம் மாடியில் இருந்தது அவளுடைய புருஷன்.

ரொஹேலியோ பாரியென்டோஸ், பெட்ரோஸா என்ற சின்ன ஊரில் ஜின்னிங் ஆலையில் வேலை பார்த்தவர். பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற ரம்ப இயந்திரத்தில் பத்தொன்பது வயதில் இடது கை மோதிர விரலைப் பாதி கொடுத்தவர். "பெட்ரோஸால பத்து வெரலோட ஒருத்தனப் பாத்தா, தம்பி, புதுசா வேலைக்குச் சேந்தியான்னு கேப்போம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பாரே தவிர, அந்தக் கையை யாருக்கும் காட்டமாட்டார். கல்யாணப் படத்தில்கூட இடது கை பேன்ட் பைக்குள்தான் இருக்கும். மோதிரத்தை வலது கையில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் கைகோத்து ஜெபம் சொல்லும்போது, இடது கையை யாரிடமும் கொடுக்க வேண்டியிருக்கக்கூடாது என்று பெஞ்சின் கடைசியில் போய் நிற்பார். வலது கையை ஒபீலியா பிடித்துக்கொள்வாள். முப்பத்தோரு வருஷம் அவளுக்குக் கிடைத்தது அந்தக் கைதான்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒபீலியாவே காரணம். ஹெல்த் சென்டரில் வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் ஊர்ச் சனங்களுக்கென்று ஒரு சுகாதாரத் திருவிழா நடத்துவார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், பல், கண் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வரமாட்டேன் என்றவரை அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் அங்கே டாக்கோ சுட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க, அவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, அடுத்த கூடாரத்தில் தொப்பி கொடுக்கிறார்கள் என்று போய் நின்றிருக்கிறார். திரும்பி வந்தபோது தலையில் புதுத் தொப்பி.

"ஒபீலியா, ஒடம்ப எழுதிக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"இந்தக் காலேஜுக்குத்தான். செத்த பெறகு புள்ளைங்க அறுத்துப் படிக்குமாம். எட்டாவதோட நின்னவன், ஒரு தடவ காலேஜுக்குப் போய்ட்டு வர்றேனே."

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அடுத்த மார்ச்சில் அவருக்கு நெஞ்சு நின்றுபோனபோது, சவப்பெட்டிக் கடைக்காரனுக்கு முன்னால் ஹெல்த் சென்டர் வண்டி வந்து நின்றது. அன்றைக்குத்தான் அது விளையாட்டில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கோயிலில் வெறும் படத்தை வைத்துப் பூசை நடந்தது. அந்தப் படத்திலும் கை பைக்குள்தான். படிப்பு முடிந்த பிறகு எரித்துச் சாம்பலைக் கொடுப்பார்கள், அதுவரைக்கும் ஒன்றுமில்லை. ஒரே மகன் ஆபெல், வயல்களுக்குச் சுழல் நீர்ப்பாசனக் குழாய் பூட்டுகிறவன், பூசை முடிந்த கையோடு அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டான். மாதம் ஒரு தடவை வருவான். அதுவும் பிக்கப் வண்டியை விட்டு இறங்கமாட்டான். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, சன்னலை மட்டும் இறக்குவான்.

"எறங்கி ஒரு வா கால்டோ குடிச்சுட்டுப் போயேன்டா. மாட்டெலும்பு போட்டு வச்சிருக்கேன்."

"வேல இருக்கு."

"உங்கப்பா கையெழுத்துப் போட்டதுக்கு நான் என்ன பண்ண?"

"தடுத்திருக்கலாம். வண்டி வந்தப்ப வாசல்ல நின்னு, தரமாட்டேன்னு சொல்லிருக்கலாம். தாத்தா, பெரியப்பா எல்லாரும் பெட்ரோஸா கல்லறைல வரிசையாக் கெடக்காங்க. இவரு மட்டும் உன் காலேஜுப் பெட்டிக்குள்ள. நவம்பர் வந்தா கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூ கொண்டு போவாங்க. நான் யாருகிட்டக் கொண்டு போக? உன் கான்டீனுக்கா?"

"அவரு ஆசப்பட்டுக் குடுத்ததுடா."

"யாரு கையில குடுத்தாரு? அதச் சொல்லு. எவன் தொடுறான், எப்படித் தொடுறான்? தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாது. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அறுப்பதைப் பற்றிக்கூட அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள், கோழி அறுக்காத கையா அவளுடையது. ஆனால் தினமும் அவள் கையால் சோறு வாங்குகிற இந்த நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் நாலு பேர் கையில்தான் அவர் இருக்கிறார். அந்த நாலு பேர் யார் என்று தெரியாமல், எல்லோர் முகத்தையும் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவது பெரிய வாதையாக இருந்தது.

அவள் போய்க் கேட்காமலும் இல்லை. உடல்தான அலுவலகத்தில் ப்ரூயிட் என்று ஒருவர், குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். கோபப்பட்டு நாலு வார்த்தை சொன்னால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

"மேசை நம்பர் மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லக்கூடாதும்மா. மாணவங்களுக்கே பேரு தெரியாது. வசந்தத்துல நன்றிக் கூட்டம் நடக்கும்போதுதான் அவங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"நான் பதினெட்டு வருஷமா இங்க வேல பாக்குறேன்."

"அதனாலதாம்மா இன்னும் கவனமா இருக்கோம். ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி எங்கிட்டயே இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அப்புறம்தான் செப்டம்பரில் ஒருநாள், மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது அது காதில் விழுந்தது. கோல்டன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "நம்ம ஆளு ஜின்னுல வேல பாத்தவரா இருக்கணும்டா. எங்க ஊர்ல நெறயப் பாத்திருக்கேன். மோதிர வெரல் பாதி இல்ல பாரு."

ஒபீலியாவின் கையில் துணி அப்படியே நின்றது. எந்தக் கை என்று அவள் கேட்கவில்லை. கேட்க முடியாது. கேட்டால் விஷயம் ப்ரூயிட்டுக்குப் போகும், அவரை வேறு மேசைக்கு மாற்றிவிடுவார்கள், இல்லை அவளை வேறு கான்டீனுக்கு மாற்றிவிடுவார்கள். அவள் உள்ளே போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்துகொண்டு நின்றாள். ஆறு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் மூச்சு முழுசாக இறங்கியது.

அடுத்த தடவை ஆபெல் வந்து வண்டிச் சன்னலை இறக்கியபோது, அவள் கதவில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

"அப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபுடிச்சேன். நாலு புள்ளைங்க. ஒருத்தன் செம்பட்டத் தலை, குடியானவன் வீட்டுப் புள்ள. வெரலப் பாத்ததும் ஜின்னுக்காரர்னு சொல்லிட்டான்டா. மத்த மூணும் நல்ல புள்ளைங்கதான். நம்ம ஆளு, நம்ம ஆளுன்னுதான் சொல்லுதுங்க. பேரு தெரியாதுல்ல."

ஆபெல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அவனுங்களுக்கு நெறயப் போடுறேன். வயிறு காஞ்ச கை நடுங்கும்ல. நடுங்குற கையால உங்கப்பாவத் தொட வேண்டாம்னுதான்."

அவன் எஞ்சினை அணைத்தான். இறங்கி வந்தான். இரண்டு தட்டு கால்டோ குடித்தான். மக்காச்சோளத்தைக் கடித்துக்கொண்டே, "அந்தச் செம்பட்டயன் பேரு என்ன?" என்று கேட்டான்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் வந்தான். வந்து உட்கார்ந்ததும், "இந்த வாரம் என்ன பாத்தாங்களாம்?" என்பான். அவள் கேட்டதைச் சொல்வாள், கேட்காததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள். தோள்பட்டையைப் பார்த்துவிட்டு எவ்வளவு உழைச்ச ஒடம்பு என்று கோல்டன் சொன்னதாகச் சொன்னாள். அவன் சொன்னதென்னவோ, கொழுப்பு அதிகம், நரம்பைத் தேடித் தேடிக் கண் வலிக்கிறது என்றுதான். இப்படி வீட்டில் ஒரு கோல்டனும் கான்டீனில் ஒரு கோல்டனுமாக அவள் வளர்த்தாள். கான்டீன் கோல்டன் மேல் வருகிற கோபத்தைக் காட்ட வழியில்லாமல், அது எலுமிச்சைச் சக்கை கேட்கிற லின் மேல் போய் விழுந்தது. நன்றிக் கூட்டத்துக்கு நானும் வர்றேன் என்று ஆபெல் சொன்ன அன்றைக்கு, அவள் கான்டீன் கோல்டனையும் மன்னித்துவிட்டாள்.

கூட்டம் மே மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் மேனேஜர் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஒபீலியா, நாளைக்கு நீ குடும்பத்தோட வர்ற, தெரியும். ஆனா விருந்துக்கு எலுமிச்சச் சாறு உன்னத் தவிர யாரு போட்டாலும் சரியா வர்றதில்ல."

"ஏன் சார், என் புருஷன் கூட்டத்துக்கு நானே சமைக்கணுமா?"

"முடியாதுன்னா வேண்டாம்."

முடியாது என்று அவள் சொல்லவில்லை. ஒரு பெட்டி எலுமிச்சையை அறுத்துப் பிழிந்தாள். பிஸ்கட்டும் சுட்டாள். கூட்டத்தன்று காலையில் இன்னும் போதாது என்று ஆள் விட்டார்கள். நல்ல கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டே வந்து, மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டு இன்னொரு அரைப் பெட்டி பிழிந்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே அரங்கத்துக்கு ஓடினாள்.

ஆபெல் தேய்த்த சட்டையும் துடைத்த பூட்சுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தான். காற்று அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டிருந்தது. ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருந்தான்.

"என்னடா அது?"

"கோல்டனுக்கு. அப்பாவோட மடக்குக் கத்தி. அவனும் குடியானவன்தான, வச்சுக்கட்டும்."

அவள் அவனுடைய கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். எட்டு மாதம் ஊட்டி வளர்த்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கே அது ஒரு வழக்கம். உடல் கொடுத்தவர்களின் பெயரைப் பேராசிரியர் அம்மாள் ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தக் குடும்பம் எழுந்து நிற்கும். அந்த மேசையில் படித்த பிள்ளைகள், வெள்ளைக் கோட்டோடு, வெடித்த பருத்திக் காய்கள் உள்ள ஒரு காய்ந்த கொப்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பூவுக்குப் பதில் பருத்தி. எந்தப் பெயருக்கு எந்த மேசை என்று அன்று காலையில்தான் பிள்ளைகளுக்கே சொல்வார்கள்.

"ஆல்டன் ஹேவர்காம்ப்" என்று வாசித்தார். இரண்டு வரிசை முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, தடியை ஊன்றி எழுந்தாள். பக்கவாட்டிலிருந்து கோல்டன் நாலு பேரில் முதல் ஆளாகப் பருத்திக் கொப்போடு வந்தான்.

ஒபீலியா எழுந்துவிட்டாள். "இங்க, இங்க" என்று கையை ஆட்டினாள். சத்தமாகவே சொன்னாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோல்டன் அவளைப் பார்த்து, தெரிந்த முகம் என்று தலையை அசைத்துச் சிரித்துவிட்டு, நேராகக் கிழவியிடம் போய்க் குனிந்தான்.

"அம்மா," ஆபெல் அவள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். "அதுதான அந்தச் செம்பட்டயன்?"

"பேர மாத்தி வாசிச்சுட்டாங்க."

"அம்மா."

"மாத்தித்தான் வாசிச்சுட்டாங்க. இந்த ஆபீசுல எது ஒழுங்கா நடந்துருக்கு?"

"அந்தக் கெழவி கையில படம் இருக்கு பாரு. அவரும் ஜின்னுக்காரர்தான். ஆலைத் தொப்பி போட்டிருக்காரு."

அவள் பார்த்தாள். படத்தில் ஒரு தடித்த வெள்ளைக்காரர், ஆலை முத்திரை போட்ட தொப்பியோடு, இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். வலது கையில் ஒரு விரல் குட்டை.

பெட்ரோஸால பத்து வெரலோட ஒருத்தனப் பாத்தா. ஆயிரம் தடவை கேட்டுச் சிரித்தவள்தானே அவள். இந்தப் பருத்திக் காட்டில் விரல் போனவனுக்கா பஞ்சம்? புருஷன் ஒருத்தனுக்குத்தான் விரல் போனது மாதிரி நினைத்துக்கொண்டு எட்டு மாதம் ஊரான் வீட்டு ஆளுக்குப் படையல் போட்டிருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது. ப்ரூயிட்டையா, கோல்டனையா, தொப்பிக்காகப் போய் நின்ற மனுஷனையா என்றுதான் தெரியவில்லை.

ஆபெல் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்தான். அவன் முகம் பிக்கப் சன்னலுக்குப் பின்னால் இருந்த பழைய முகமாக மாறிக்கொண்டிருந்தது.

"அப்ப நீ சொன்னதெல்லாம்?"

"நான் பொய் சொல்லலடா. நெசம்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

"ஒழச்ச ஒடம்புன்னு சொன்னானே, அது யாரு ஒடம்பு?"

அவள் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்புறம் பேராசிரியர், "ரொஜீலியோ பாரியென்டோஸ்" என்று தப்பும் தவறுமாக வாசித்தார். ஒபீலியா எழுந்தாள். ஆபெல் எழ யோசித்துவிட்டு எழுந்தான். நாலு பேர் வந்தார்கள். கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்த ஒல்லிப் பெண் ஒபீலியாவைப் பார்த்ததும் நடையில் தடுமாறி நின்றாள். பின்னால் வந்த பையன் அவள் மேல் மோதிக்கொண்டான்.

"மிஸ் ஒபீலியா" என்றாள் லின்.

"ம்."

"உங்க முழுப் பேரு எனக்குத் தெரியாது. சட்டையில ஒபீலியான்னு மட்டும்தான் இருக்கும்."

"கொப்பக் குடு" என்றாள் ஒபீலியா.

விருந்துக் கூடத்தில் அவள் சுட்ட பிஸ்கட்டை எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கிழவி கோல்டனிடம், "ஒழுங்காச் சாப்புடுறியாப்பா?" என்று கேட்க, அவன் ஒபீலியாவைக் கை காட்டினான். கிழவி தடியைத் தூக்கி ஒபீலியாவுக்கு ஒரு வணக்கம் வைத்தாள். ஒபீலியா பதிலுக்குத் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வது.

லின் ஒரு ஓரத்தில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் நின்றாள். ஒபீலியாவே அவளிடம் போனாள். ஆபெல் நாலடி தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

"ஏன் நீ ஒரு நாளும் என் கையில வாங்கித் தின்னதில்ல?"

"லேபுலேருந்து வந்தா எனக்குக் கறி எறங்காதுங்க. எங்கம்மா சோறும் ஊறுகாயும் கட்டிக் குடுப்பாங்க, அதான் எறங்கும்."

"அந்த எலுமிச்ச?"

லின் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க வீட்ல எறா உரிச்சா எலுமிச்ச போட்டுத்தான் கழுவுவோம். வேற எதுக்கும் வாடை போகாது. எனக்குத் தெரியாதுங்க. உங்க வீட்டுக்காரர் வாடையப் போக்கவா உங்ககிட்டயே வந்து தெனமும் கேட்டேன். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

"தெரிஞ்சிருந்தா நான் முழுப் பழமாக் குடுத்திருப்பேன்" என்றாள் ஒபீலியா. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. "சக்கையக் குடுத்தேன். வருஷம் பூரா சக்கை."

சுவரிலிருந்து ஆபெல் கேட்டான். "எப்படித் தொட்டீங்க அவர?"

லினுக்குப் புரியவில்லை.

"இல்ல, எப்படித் தொட்டீங்கன்னு கேட்டேன். சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

லின் டம்ளரைக் கீழே வைத்தாள். "மொத நாள் ப்ரொஃபஸர் சொன்னாங்க, கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு நிமிஷம் அவரு கையப் புடிச்சுக்கங்கன்னு. எனக்கு இடது கைப் பக்கம் நிக்க எடம் கெடச்சுது. வெரல் பாதி இல்லாத கை. எங்கப்பாவுக்கும் அப்படித்தான், படகு வடம் இழுத்துப் போனது. அதனால எனக்கு பயம் போயிருச்சு. மத்தவங்க ஒரு நாளோட விட்டுட்டாங்க. நான் தெனமும் புடிச்சேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் புடிப்பேன், முடிச்சுட்டுப் போகும்போதும் புடிப்பேன். கடைசி நாள் வரைக்கும்."

"இடது கையவா?" என்றாள் ஒபீலியா.

"ஆமாங்க."

ஆபெல் சுவரை விட்டு வந்தான். அம்மா முகத்தைப் பார்த்தான். கோயில் பெஞ்சின் கடைசியில் நின்ற மனிதரை அவனும் பார்த்து வளர்ந்தவன்தான்.

"எங்கிட்டக்கூடக் குடுத்ததில்ல அந்தக் கைய" என்றாள் ஒபீலியா. "முப்பத்தோரு வருஷம். கேட்டா, பைக்குள்ளயே இருக்கட்டும், குளுருதும்பாரு." அதைச் சொல்லும்போது அவளுக்குப் பொறாமையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது, அவரை நினைத்துப் பொல்லாத கோபமும் வந்தது. அப்போதுதான் அழுதாள். குளிர்ப்பெட்டி இல்லாமல், எல்லோர் முன்னாலும்.

லின் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் கொஞ்சம் குனிந்து மோந்து பார்த்தாள்.

"உங்க கையில எலுமிச்ச வாசன வருது."

"காலைல அரப் பெட்டி பிழிஞ்சேன், அவரு விருந்துக்கு."

"கழுவலயா?"

"கழுவுனேன். போகல."

ஆபெல் சட்டைப் பையிலிருந்து அப்பாவின் கத்திப் பொட்டலத்தை எடுத்தான். லினுக்கு அதை வாங்கக் கை ஒழிவில்லை. ஒபீலியா அவள் கைகளை விடவில்லை. அவன் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றான்.